வெற்றிலைக் கூடையில் ஒரு போர்வை

கரூரில் போர்வைகளுக்கு டிசைன் போடுவது என் வேலை. திங்கட்கிழமை புது டிசைன் கொடுத்தாக வேண்டும். மூன்று வாரமாக ஒன்றும் தோன்றவில்லை. ஏதாவது தோன்றட்டும் என்று பஸ் ஏறி மைசூருக்கு வந்திருக்கிறேன். இங்கே தேவராஜ மார்க்கெட்டில், ஓர் அக்கா கூடை நிறைய வெற்றிலையை வட்டவட்டமாக அடுக்கித் தண்ணீர் தெளிக்கிறார். அங்கேயே தரையில் உட்கார்ந்து பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் வரைகிறேன்.

"ஏனுங்க, எலையப் போயி வரையறீங்க?" கர்நாடக எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்.

"போர்வையில போடப்போறேங்க்கா!"

அதற்குள் யாரோ கேட்க, அக்கா வட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு பிடியை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். "ஐயோ!" என்று கத்துகிறேன். வட்டம் உடைந்த இடம் பிறைபோல் வளைந்து நிற்கிறது. அட, இதுதான்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அக்கா, இன்னொரு பிடி எடுங்க!"

"வாங்க ஆள் வரணுமுங்களே."

"நானே வாங்கறேன்!"

வெற்றிலை போடும் பழக்கமே எனக்கில்லை.