சித்தேரிக் கொக்குகளின் ஆட்சேபணை

போன வாரம் எங்கள் பகுதிப் பூங்காவில் சிமெண்டில் ஒரு கொக்கு வைத்தார்கள். செம்பாக்கம் பக்கம் காலை நடை போகிறவன் என்பதால் பெயிண்ட் காய்வதற்கு முன்பே அதைப் பார்த்துவிட்டேன். உடம்பு வெள்ளை, கால் சிவப்பு, அலகு ஆரஞ்சு, கண்ணுக்கு மேலே புருவம். இது என்ன பறவை என்று பெயிண்டரைக் கேட்டேன்.

"ஃபோன்ல படம் அனுப்சாங்க சார். எந்தக் காலு எந்தப் பறவைக்குன்னு நமக்கு இன்னா தெரியும்? படத்துல கீறத அப்படியே அடிச்சிட்டேன்" என்றார்.

அவர் மேல் தப்பில்லை. அந்தப் படத்தை அனுப்பியவரும் எங்கிருந்தோ எடுத்திருப்பார். ஆனால் இதே பகுதியில், சின்னக் கொக்குக்குக் கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் என்று பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் தெரிந்திருந்த ஒரு காலம் உண்டு. தினமும் தலைக்கு மேலே பறந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. இப்போது சிமெண்டில் செய்து அடையாளம் காட்ட வேண்டியிருக்கிறது. அதையும் தப்பாகக் காட்டுகிறோம்.

வெள்ளைப் பெயிண்டின் நெடி எனக்கு வேறொரு வெள்ளையை நினைவூட்டும். எங்கள் ஊர்ப் பெரிய ஏரிக்கு மேற்கே சித்தேரி என்று ஒரு சின்ன ஏரி இருந்தது. தேடிக்கொண்டு போகாதீர்கள், இப்போது இல்லை. ஏரிக்குள்ளே கருவேல மரங்கள். மழைக்காலம் வந்து மரங்களின் இடுப்பளவு தண்ணீர் ஏறியதும், கொக்கும், இராக்கொக்கு எனப்படும் வக்காவும், சாம்பல் நாரையும் வந்து கூடு கட்டும். தை பிறக்கும்போது ஒவ்வொரு மரமும் சுண்ணாம்பு அடித்ததுபோல எச்சத்தால் வெளுத்திருக்கும். நெடி என்றால் சாதாரண நெடியில்லை. அழுகிய மீனையும் மூத்திரத்தையும் சேர்த்துக் காய்ச்சியதுபோல இருக்கும். ரயில்வேயில் இருந்த என் அப்பா வாடகை குறைவு என்று ஏரிக்கரைத் தெருவில் வீடு பிடித்திருந்தார். வாடகை ஏன் குறைவு என்பதை மூக்கு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது.

அறுபதுகளில், சிறுவனாக, எனக்கு அந்தக் கொக்குகள் மேல் தீராப் பகை. காரணம் தீபாவளி. ஏரிக்கரைத் தெருவில் வெடி வெடிக்கக் கூடாது, பறவை கலைந்து போய்விடும் என்று ஊர்க் கட்டுப்பாடு. மத்தாப்போடு சரி. லட்சுமி வெடியைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கம் கூட்டு ரோடு வரை நடந்து போய் வெடித்துவிட்டு வருவேன். கொக்குக்காக வெடியைத் தியாகம் செய்த தலைமுறை என்று இன்று பெருமை அடித்துக்கொள்ளலாம். அன்று அழுதேன் என்பதுதான் உண்மை.

கட்டுப்பாட்டைக் காவல் காத்தவர் ஏழுமலை. மதகை ஒட்டிய முதல் வயல்கள் அவருடையவை. ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டணத்திலிருந்து தொப்பி போட்ட ஆட்கள் ஜீப்பில் துப்பாக்கியோடு வருவார்கள். ஏழுமலை மண்வெட்டியோடு கரைமேல் வந்து நிற்பார்.

"இன்னா சார், துப்பாக்கி தூக்கிகினு வந்துகிறே? இத்த நீ சுட்டுட்டுப் பூட்டா என் நெலத்துக்கு எரு யாரு போடுவா, உங்க நைனாவா?"

விஷயம் இதுதான். பறவை எச்சம் விழுந்த தண்ணீர் மதகு வழியாகப் பாயும் வயலுக்கு வேறு உரம் வேண்டாம். ஏழுமலை பயிரின் பச்சை, அடுத்த ஏரிப் பயிரின் பச்சையைப் பார்த்துச் சிரிக்கும். அன்பும் கருணையும் அங்கே கிடையாது. அவருக்கு எரு, கொக்குக்கு மரம். நான் பார்த்த ஒப்பந்தங்களிலேயே முத்திரைத்தாள் இல்லாமல் ஒழுங்காக நடந்தது அது ஒன்றுதான்.

நீண்ட கால்களோடு பிறந்த பறவைக்கு உலகில் எங்கேயும் நல்ல காலம் இருந்ததில்லை. கூடு கட்டும் பருவத்தில் மட்டும் வெள்ளைக் கொக்கின் முதுகில் மெல்லிய இறகு முளைக்கும். அதைச் சீமாட்டிகளின் தொப்பியில் செருகுவதற்காக, நூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முன்பு அமெரிக்காவின் ஃப்ளோரிடா சதுப்புகளில் தாய்ப் பறவைகளைக் கூட்டிலேயே கொன்று குவித்தார்கள். குஞ்சுகள் தாமாகச் செத்தன. அங்கே இறகு அழகாக இருந்ததால் கொன்றார்கள். எங்கள் ஆட்கள் அவ்வளவு ரசனை உள்ளவர்கள் அல்ல.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் நாள், சலவைச் சட்டையோடு தாம்பரம் ஸ்டேஷனுக்கு சைக்கிளில் போகும்போது, வக்கா ஒன்று என் தோள்பட்டையில் எச்சத்தால் முத்திரை குத்தியது. அதன் பிறகு குத்தப்பட்ட எல்லா முத்திரைகளையும்விட அது நேர்மையானது என்று ஓய்வு பெறும்போதுதான் புரிந்தது.

அப்போதுதான் சித்தேரிக் கருவேல மரங்களை எங்கள் அலுவலகம் ஏலம் விடப்போவதாக ஊரில் தண்டோரா போட்டார்கள். விறகுக்காக ஏரி மரங்களை ஏலம் விடுவது வழக்கம்தான். ஆனால் அது கோடையில், ஏரி வற்றி, குஞ்சுகள் பறந்துபோன பிறகு. இந்த முறை தை மாதத்திலேயே. எல்லா மரத்திலும் குஞ்சுகள்.

எதிர்வீட்டு ரூபி டீச்சர் அன்று மாலையே வந்துவிட்டார். பள்ளியில் சயின்ஸ் எடுப்பவர்; ஞாயிறு சர்ச்சுக்குப் போகும் வழியில்கூட எந்த மரத்தில் எத்தனை கூடு என்று பார்த்துக்கொண்டே போவார்.

"தம்பி, நீ அந்த ஆபீஸ்லதானே இருக்கே? ரெண்டே மாசம் தள்ளிப் போடச் சொல்லு. குஞ்சுங்க பறந்துடும். அப்புறம் வெட்டிக்கட்டும். இது ஒண்ணும் பெரிய டிமாண்ட் இல்லையே?"

வழி இருந்தது. ஏலத்துக்கு முன் யாராவது ஆட்சேபணை கொடுத்தால் அதிகாரி நேரில் வந்து விசாரிக்க வேண்டும். ஆட்சேபணையை டீச்சர் பெயரில் நானே எழுதிக்கொடுத்தேன். அதிகாரி நல்லவர், வெளிப்படையாகவே சொன்னார்.

"கொக்குக்காக நிறுத்த எனக்கு ரூல் இல்லப்பா. ஆனா, பாசனத்துக்கு அந்தப் பறவை தேவைன்னு நிலத்துக்காரர் ஒருத்தர் வாக்குமூலம் குடுக்கட்டும். உடனே நிறுத்திடறேன்."

வன உயிர்ச் சட்டமெல்லாம் எங்கள் அலுவலகத்தை எட்டாத காலம். எனக்கும் டீச்சருக்கும் ஒரே சந்தோஷம். சாட்சி சொல்ல ஏழுமலையை விட்டால் வேறு யார்?

விசாரணை நாள். மதகடியில் அதிகாரி, நான், டீச்சர், மரம் எடுக்க வந்திருந்த ஒப்பந்தக்காரர், ஏழுமலை. மரங்களில் குஞ்சுகள் போட்ட கூச்சலில் சத்தம் போட்டுத்தான் பேச வேண்டியிருந்தது.

"இந்த ஏரித் தண்ணி உங்க நெலத்துக்குப் பாயுதா?" என்று கேட்டார் அதிகாரி.

ஏழுமலை என்னைப் பார்க்கவில்லை. டீச்சரையும் பார்க்கவில்லை.

"இல்லீங்க. தண்ணி வர்றதில்லீங்க. ரொம்ப வருசமா தரிசுங்க."

அவர் முதுகுக்குப் பின்னால் அவருடைய நெல் முழங்கால் உயரம் நின்றது. மதகு கசிந்து வாய்க்காலில் ஓடிய தண்ணீர் எங்கள் எல்லோர் காலையும் நனைத்துக்கொண்டிருந்தது. அதிகாரி பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

"சார், உங்க ஷூ நனைஞ்சிருக்கு" என்றார் டீச்சர்.

அதிகாரி கீழே பார்த்தார். பார்த்துவிட்டு, "அம்மா, அவர் சொல்றதைத்தான் நான் எழுத முடியும். ஷூவை எழுத முடியாது" என்றார்.

முப்பத்தைந்து வருடம் அரசாங்கத்தில் இருந்துவிட்டுச் சொல்கிறேன்: அவர் செய்தது அப்பழுக்கில்லாத நடைமுறை. ஒரு வரி தப்பில்லை. நானே மேலதிகாரியாக இருந்திருந்தாலும் அந்தக் கோப்பில் குறை காண முடியாது. ஐம்பது வருடமாகியும் என் கோபம் ஆறாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். திருடினார்கள், லஞ்சம் வாங்கினார்கள் என்றால் ஒரு பிராது எழுதித் தொலைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். எல்லோரும் ஒழுங்காக நடந்துகொண்டால் யார் மேல் பிராது கொடுப்பது?

நானும் டீச்சரும் திரும்பும்போது ஏழுமலை பின்னாலேயே வந்தார்.

"தம்பி, நான் இன்னா பண்றது? தண்ணி பாயுதுன்னா அது நஞ்சை. நஞ்சையில பிளாட் போட வுட மாட்டான். தண்ணி வரலன்னு போன மாசமே ஆபீஸ்ல எழுதிக் குட்த்துட்டேன். இப்ப மாத்திச் சொன்னா மாட்டிக்குவேன்ல?"

"அப்ப அந்தக் குஞ்சுங்க?" என்றார் டீச்சர்.

"அதுங்க இன்னா, எனக்கு ஓட்டா போடப் போவுது டீச்சர்?" என்று சிரிக்கப் பார்த்தார். டீச்சர் சிரிக்கவில்லை. அவரும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அந்த வாரமே வெட்டினார்கள். மரம் சாயும்போது ஒவ்வொரு கிளையிலிருந்தும் குஞ்சுகள் தண்ணீரில் கொட்டின. இறகு முளைக்காத, பச்சையும் நீலமுமான தோலோடு கழுத்தை நீட்டிக்கொண்டு. சிலர் கூடையோடு வந்து பொறுக்கிக் குழம்புக்கு எடுத்துப் போனார்கள். தாய்ப் பறவைகள் நாள் முழுக்க மேலே சுற்றின. டீச்சர் புடவையைச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, எடுக்க முடிந்ததை எடுத்து வந்து வீட்டு முன்னறையில் வைத்தார். தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து பொடிமீன் வாங்கி வந்து வாயில் ஊட்டினார். தாய் பாதி செரித்துக் கக்குவதைத்தான் அவை தின்னும். பச்சை மீன் சேரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்றம் தாங்கவில்லை என்று சண்டைக்கு வந்தார்கள். மரத்தோடு சேர்ந்து நாற்றமும் ஒழிந்தது என்று நினைத்திருந்தார்களாம். சண்டை முற்றுவதற்குள் கடைசிக் குஞ்சும் போய்விட்டது. டீச்சர் அதைப் பின்கட்டில் புதைத்துவிட்டுக் கை கழுவி, வழக்கம்போல முதல் மணிக்குப் பள்ளிக்குப் போனார். ஏழுமலையோடு அவர் அதன் பிறகு பேசவே இல்லை.

வயல் பிளாட் ஆனது. வயலே இல்லாத ஏரிக்கு ஏன் ஏரி என்று பெயர் என்ற கேள்வி வந்தது. அதற்கும் நடைமுறை உண்டு, ஏரியும் பிளாட் ஆனது. இன்று ஒவ்வொரு பெருமழைக்கும் அந்த வீடுகளின் சோபா மிதக்கிறது. தண்ணீர் வருகிறது, நடவடிக்கை எடுங்கள் என்று மனு எழுதித்தரச் சொல்லி என்னிடம் வருகிறார்கள். எழுதித்தருகிறேன். தெரிந்த தொழில்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதையல்ல. மரம் வெட்டிய அடுத்த மழைக்காலத்தில் கொக்குகள் மறுபடியும் வந்தன. எல்லைக் கற்கள் நட்டு, செம்மண் கொட்டி, ஏரி பாதி தூர்ந்திருந்தது. அலகில் ஆளுக்கொரு குச்சியோடு வந்து, மரங்கள் நின்ற இடத்துக்கு மேலே, அதே உயரத்தில் சுற்றின. இறங்கவும் இல்லை, போகவும் இல்லை. ஏழுமலை ஒரு கல்லின் மேல் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"இதுங்கள யாரு வரச் சொன்னா?" என்றார், என்னிடம் அல்ல.

யாரும் சொல்லவில்லை. அவை வீட்டுக்கு வந்திருந்தன. இருட்டும்வரை சுற்றிவிட்டு, ஒவ்வொன்றாகக் குச்சியைக் கீழே போட்டுவிட்டுப் போயின. அதற்கடுத்த ஆண்டு கொஞ்சம்தான் வந்தன. பிறகு ஒன்றும் வரவில்லை.