கேள்வி வாக்கியம் கூடாது

டோரீன் ஸ்டோவல் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை இருபத்தேழு வருஷம் ஓட்டியவள். பதினாறு வயதில் பாதியில் விட்ட பள்ளிப் படிப்பை ஐம்பத்தெட்டில் முடித்தே தீருவேன் என்று, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் எங்கள் சின்ன ஊர் நூலகத்தில் சனிக்கிழமை காலையில் நான் நடத்தும் வகுப்பில் வந்து உட்கார்ந்தாள்.

"அறுபது வாலுங்கள முதுகுக்குப் பின்னால வச்சு மேய்ச்சவ நான், மிஸ் பிளான்ட். உங்க பத்து வார்த்தை என்னை என்ன பண்ணிடும்?" என்றாள்.

வாரம் பத்துச் சொல். எல்லாம், ஒரு பெரிய குடும்பம் அழிந்துபோகிற ஒரே பழைய சோக நாடகத்திலிருந்து. ஒவ்வொரு சொல்லையும் வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத வேண்டும். சொல்லின் பொருள் விளங்கினால் ஒரு மதிப்பெண். நாடகத்தைப் படித்துவிட்டு டோரீன் தலையில் அடித்துக்கொண்டாள். "யாராவது ஒருத்தர் வாயத் தொறந்து பேசியிருந்தா இத்தனை பேரு செத்திருக்க மாட்டாங்க. இதுல பெரிய குடும்பமாம்!" வகுப்பே சிரித்தது. நானும்தான்.

'நாடுகடத்து' என்பதற்கு அவள் எழுதியது: "என் மகன் வேட் குடித்துவிட்டு, செத்துப்போன தன் அப்பாவின் டிரக்கை மரத்தில் மோதிய அன்று, அவனை வீட்டைவிட்டு நாடுகடத்தினேன்." முழு மதிப்பெண் போட்டு, 'அருமை' என்று சிவப்பு மையில் எழுதினேன். 'மன்றாடு': "கிறிஸ்துமஸ் அன்று போனில் அவன் மன்றாடினான், நான் வைத்துவிட்டேன்." அதற்கும் முழு மதிப்பெண். என் கண் சொல்லில்தான் இருந்தது.

மார்ச்சில் 'சமாதானம்' வந்தது. "பெற்றவளே முதலில் போன் செய்து சமாதானம் பேசினால் அது கேவலமா?" என்று எழுதியிருந்தாள்.

கேள்வி வாக்கியம் கூடாது என்பது என் விதி. பொருள் தெரியாதவர்கள் சொல்லைக் கேள்விக்குள் நுழைத்துத் தப்பித்துவிடுவார்கள். மதிப்பெண்ணை வெட்டி, 'கேள்வி வேண்டாம், மாற்றி எழுதவும்' என்று ஓரத்தில் குறித்தேன். டோரீன் சொன்னபடி கேட்கிற மாணவி. அடுத்த வாரம் மாற்றி எழுதி வந்தாள்: "என் மகனிடம் நான் முதலில் சமாதானம் பேச மாட்டேன்." டிக் அடித்து, வெட்டிய மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தேன், பாவி.

ஏப்ரலில் வேட், டொலீடோ நகரில் ஒரு வாடகை அறையில் மாரடைப்பில் இறந்துபோனான். முப்பத்துநாலு வயது. பத்திரிகையில் அந்தப் பெயரைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. வகுப்புக் கோப்பில் சேர்த்து வைத்திருந்த டோரீனின் தாள்களை எல்லாம் எடுத்து முதலிலிருந்து வாசித்தேன். வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அடக்கம் முடிந்து இரண்டாவது சனிக்கிழமை அவள் வகுப்புக்கு வந்தாள். வாசலிலேயே நிறுத்தினேன்.

"டோரீன், அந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதியிருக்கணும். கேவலமில்ல, கூப்பிடுங்கன்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கணும்."

"அட, நீங்க ஏன் அழறீங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் வீட்டுச் சங்கதிய நான் ஒருத்தர்கிட்டயும் வாய் விட்டுச் சொன்னதில்ல, மிஸ் பிளான்ட். நீங்க ஒருத்தராவது வாரா வாரம் உக்காந்து படிச்சீங்களே, அது போதும்."

படிக்கவில்லை, மதிப்பெண் மட்டும் போட்டேன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.