கூடப் போட்ட ஒரு சுண்டு அரிசி

நெதர்லாந்தில் ஒரு வாய் தேநீருக்குக்கூட நாள் குறிக்க வேண்டும். "வீட்டுக்கு வாங்களேன்" என்றால், எதிரில் நிற்பவர் சிரித்தபடி பையிலிருந்து 'அஹெண்டா'வை எடுப்பார். நாட்குறிப்புக்கு இங்கே அதுதான் பெயர். அதில் ஏறாத விருந்து நடக்காத விருந்து. பன்னிரண்டு வருஷம் இங்கே குப்பை கொட்டியும் இந்தச் சங்கதி எனக்கு உறைக்கவில்லை, பாருங்கள்.

இத்தனைக்கும் அரைகுறையாகத் தெரிந்ததை வைத்துச் சரியாக ஊகிக்க இயந்திரங்களைப் பழக்குவதுதான் என் பிழைப்பு. தர்க்கம் பாதி, நிகழ்தகவு பாதி. இந்த வசந்தத்தில் என்னைப் பேராசிரியராக்கினார்கள். ஊரில், மாத்தளைப் பக்கத்து அலுவிகாரையிலிருந்து அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி, "எல்லாருக்கும் சோறு போட்டியா?"

போடாமல் இருப்பேனா? எங்கள் வீட்டு விசேஷத்துக்கு அம்மா குங்குமச் சிமிழோடு வீடு வீடாகப் படியேறி அழைப்பார். வருவதாக யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். எத்தனை பேர் என்று கேட்டுவிட்டாலோ, "எண்ணிச் சோறு போடுற வீடா?" என்று மாத்தளை முழுக்கப் பேச்சாகிவிடும். நானும் அதேபோல பல்கலைக்கழகத்தில் எங்கள் துறை மாடியில் கதவு கதவாகத் தட்டி, சனிக்கிழமை மதியம் சாப்பிட வரச் சொன்னேன். எல்லோரும் "அருமை, அருமை" என்றார்கள். அது போதாதா?

சனிக்கிழமை வந்தது. ஊர்க் குவளை அளவில் பத்துச் சுண்டு அரிசிச் சோறு, பருப்பு, ஊரிலிருந்து வந்த யட்டவத்தை மிளகு போட்ட கோழிக்கறி எல்லாம் தயார். பன்னிரண்டரை ஆயிற்று, ஒரு குருவியும் எட்டிப்பார்க்கவில்லை. ஐயோ, இத்தனை வருஷத்தில் எனக்கென்று இங்கே ஒரு மனுஷர்கூட இல்லையா? அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"யாருமே வரலம்மா."

"எத்தன சுண்டு போட்ட?"

"பத்து."

"இன்னும் ஒண்ணு போடு."

"அம்மா! ஒருத்தருமே வரலங்கிறேன்!"

"வந்த எடத்துல சோறு பத்தாமப் போனா மானம் போயிரும். போடு புள்ள."

கண்ணெதிரே உள்ள சான்றெல்லாம் பூச்சியம் என்றது. ஆனாலும் போட்டேன். அம்மா சொல்லைத் தட்ட எந்தச் சூத்திரமும் எனக்குக் கைகொடுத்ததில்லை.

அரிசி கொதிக்கும்போது வாசல் மணி அடித்தது. துறையில் என் பக்கத்து அறைக்காரர் இங்கிரிட், கையில் வாழ்த்துப் பூங்கொத்து. உள்ளே சட்டிகளைப் பார்த்ததும் வாய் பிளந்தார்.

"விருந்து இன்றைக்கா? நீ மின்னஞ்சல் அனுப்பவில்லையே! சும்மா ஆசைக்குச் சொன்னாய் என்றல்லவா நினைத்தோம்!"

நின்ற இடத்திலேயே ஒவ்வொருவராக அழைத்தார். அரை மணி நேரத்தில் வாசலில் சைக்கிள் சாய்க்க இடமில்லை. ஒருவர் நீச்சல்குளத்திலிருந்து ஈரத் தலையோடு வந்தார். இன்னொருவர் வீட்டுக்கு வந்திருந்த மாமனாரையும் கூட்டி வந்தார். யாரும் அஹெண்டாவைத் திறக்கவே இல்லை! மிளகுக் காரத்தில் கண் கலங்கி, மூக்கைச் சிந்தி, மறுபடியும் தட்டை நீட்டினார்கள். எனக்கும் கண் கலங்கியது, காரத்தால் அல்ல.

மாலையில் அம்மா அழைத்தார்.

"நீ சோறு சாப்பிட்டியா?"

"இல்லம்மா. பாண்தான், பருப்போட."

கடையில் வாங்கிய டச்சுப் பாண் ரொட்டியால் பருப்புச் சட்டியை வழித்துக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அப்ப எல்லாரும் வந்துட்டாங்க."