ஓம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள்

வெள்ளவத்தையில், காலி வீதியோரமாக ஒரு நகைக் கடையின் மேல்மாடியில் இருந்த திருமண சேவை நிலையத்தில் நான் கணினி வேலை செய்துகொண்டிருந்த காலம் அது. பெற்றோர் சாதகக் குறிப்பைக் கொடுத்தால் போதும், நான் எழுதிய நிரல் பொருத்தம் பார்க்கும். சரிவந்தால் "பொம்பிளை வீட்டாருக்குச் சம்மதம்" என்ற செய்தி, ஒருவர் கையும் படாமல், மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விடும். முதலாளிக்கு அதில் அப்படியொரு பெருமை. வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "எங்கட இஞ்சினியர் பிள்ளை" என்பார்.

ஒருநாள் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பெண் தனியே வந்தாள். கந்தோரில் வேலை முடிந்து நேரே பஸ் பிடித்து வந்தவள், முகத்து வியர்வைகூடக் காயவில்லை. லண்டனிலிருந்து முன்பின் தெரியாத ஓர் அம்மா போன் எடுத்து, கூறைச் சேலை என்ன நிறத்தில் வேண்டும் என்று கேட்டாராம்.

"அக்கா, ஆர் ஓம் எண்டு சொன்னது?"

தேடிப் பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை. தகப்பன் குறிப்பைக் கொடுத்திருந்தார், நிரல் சம்மதத்தை அனுப்பியிருந்தது, அவ்வளவுதான்.

"என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லை," என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சேலையின் நிறம் கேட்க ஆள் இருக்கிறது, மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று கேட்கத்தான் ஆள் இல்லை!

பெண்ணின் பதில் இன்னும் வரவில்லை என்று அன்றே லண்டனுக்குத் திருத்தம் அனுப்பினேன். பிறகு நிரலைத் திறந்து உட்கார்ந்தேன். இனிப் பொருத்தம் பார்த்ததும் அது நிற்கும். திரையில், "இந்தச் சம்பந்தம் உங்களுக்குச் சம்மதமா?" என்ற கேள்வி வரும். கீழே ஓம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் தாங்களே அழுத்தும்வரை எதுவும் நகராது.

முதலாளி தலையில் கை வைத்தார். "இவையளிட்டக் கேட்டுக்கொண்டு நிண்டால் கலியாணம் நடந்த மாதிரித்தான். சரி, கேள்வி கிடக்கட்டும். ரெண்டு நாளில பதில் வராட்டி ஓம் எண்டு எடுப்பம்."

"எடுக்கேலாது ஐயா. பதில் வராட்டி, வரேல்லை எண்டுதான் அர்த்தம்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். விருப்பமில்லாவிட்டால் என் வேலைக்கு வேறு ஆளைப் பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டேன். வேறு ஆள் லேசில் கிடைக்காது என்பது இருவருக்கும் தெரியும்.

அந்த வாரமே தகப்பன் மகளையும் கூட்டிக்கொண்டு படியேறி வந்தார். "லண்டன் பகுதி காத்துக்கொண்டிருக்குது. ஏன் இவ்வளவு சுணக்கம்?"

"மகளின்ர பதில் வரவேணும் ஐயா."

"தேப்பன் நான் சொல்லுறன், ஓம். அமத்துங்கோ."

முதலாளி மவுசுக்குக் கையை நீட்டினார். நான் அதை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். "நீங்கள் அமத்துங்கோ தங்கச்சி."

அவள் தயங்காமல் 'இல்லை'யை அழுத்தினாள்.

தகப்பன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "தெரியாமல் அமத்திப்போட்டாள். இன்னொருக்காக் கேக்கச் சொல்லுங்கோ."

"அது இனிக் கேக்காது ஐயா," என்றேன்.

"தெரிஞ்சுதான் அமத்தினனான் அப்பா," என்றாள் அவள்.

அவர் பக்கத்துக் கதிரையில் மெல்ல அமர்ந்தார். கத்தப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ மகளின் பக்கம் திரும்பி, குரலை இறக்கி, "ஏன் பிள்ளை, பிடிக்கேல்லையோ?" என்று கேட்டார்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இப்பதான் அப்பா கேக்கிறீங்கள்," என்றாள்.