வாயில் வைத்த பொட்டு

எங்கள் சின்ன டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் மண் தோண்டும் கருவிக்கு வீட்டில் ‘கை’ என்று பெயர். அதை மாட்டுவதும் கழற்றுவதும் என் வேலை. கையை வாங்கிய அன்று, கொண்டுவந்து இறக்கியவர் நைனாவுக்குச் செய்துகாட்டிவிட்டுக் கிளம்பப் பார்த்தார். நான் விடவில்லை. அவர் முன்னால் நானே ஒருமுறை கழற்றி மாட்டிய பிறகுதான் அவருக்கு டீ கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எதையும் நானே ஒருமுறை செய்து பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கும் சொந்தக்காரர்களை மலையடிவாரம் வரை டிரெய்லரில் ஏற்றிப்போவோம். டிரெய்லர் மாட்ட வேண்டுமென்றால் கையைக் கழற்ற வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில் சமமான தரை பார்த்து அதன் இரண்டு கால்களையும் மண் அள்ளும் பக்கெட்டையும் ஊன்றி, பாரம் இறங்கியதும் டிராக்டரோடு பூட்டியிருந்த பின்களை உருவினேன். நைனாவிடம் இன்ஜினை நிறுத்தச் சொல்லி, லீவர்களை ஆட்டி ஆயில் அழுத்தத்தைப் போக்கி, டிராக்டரிலிருந்து கைக்கு ஆயில் போய்வரும் இரண்டு ஹோஸ்களையும் பிரித்தேன். தூசி போகாமலிருக்க அவற்றின் வாயில் பிளாஸ்டிக் கவர் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டேன். நைனா டிராக்டரை முன்னால் எடுத்தார். கை தன் கால்களில் தனியாக நின்றது.

திருவிழா முடிந்த மறுநாள், பொதட்டூர்பேட்டைப் பக்கம் ஒருவர் நிலத்தில் கிணற்றுப் பைப் புதைக்கப் பள்ளம் தோண்டித் தருவதாக நைனா வாக்குக் கொடுத்திருந்தார். வெளியார் நிலத்தில் எங்களுக்கு வந்த முதல் வேலை. காலையில் நிலத்துக்காரரே பைக்கில் வந்து நின்றுவிட்டார்.

டிராக்டரைக் கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினால், ஹோஸ் மாட்டவில்லை. எவ்வளவு அழுத்தினாலும் பூட்டிக்கொள்ளாமல் நழுவியது.

“இன்னா பாப்பா, ஆளுங்க வந்து குந்திகினு இருக்காங்க. ஆவாதுன்னா சொல்லிடு, பெரிய பொக்லைனைக் கூப்ட்டுக்கறேன்” என்றார் அவர்.

நைனாவுக்கு முகம் சுருங்கியது. “சுத்தி எடுத்துகினு வரவா? ஒரு தட்டு தட்டுனா உள்ள போய்டும்.”

“தட்டுனா ஹோஸே போய்டும் நைனா. இரு.”

ஹோஸின் வாயை வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தேன். விளிம்பில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. நடுவில் சிவப்பு. முகர்ந்தால் சந்தனம். நான் கட்டிய கவரைக் காணோம்.

“அம்மா, இதுக்குப் பொட்டு வெச்சியா?”

“ஆங்.” அம்மா ஈரக் கையோடு வெளியே வந்தாள். “வண்டிக்கு மட்டும் வெச்சிட்டு இத வுட்டா நல்லாவா இருக்கும்? நல்ல நாளும் அதுவுமா வாயைக் கட்டிப் போட்டிருந்த. நான்தான் அவுத்துத் தொடச்சி வெச்சேன்.”

நிலத்துக்காரர் சிரித்துவிட்டார். “சாமியாயிடுச்சி. இனிமே எங்க வேலைக்கு வரும்?”

“லீவு முடிஞ்சிபோச்சுன்னு சொல்றேன், வரும்” என்றேன்.

பழைய டூத் பிரஷ்ஷை டீசலில் நனைத்துத் தேய்த்தேன். அம்மா ஹோஸைப் பிடித்துக்கொண்டாள். சந்தனம் கரைந்து வந்தது. சுத்தமான லுங்கித் துணியால் துடைத்து மறுபடி அழுத்தியதும் டக்கென்று பூட்டிக்கொண்டது. அடுத்ததும் அப்படியே.

நைனா இன்ஜினைப் போட்டார். நான் லீவரைத் தள்ளினேன். கை தன் கால்களை ஊன்றித் தானே எழும்பி, டிராக்டரின் ஓட்டைகளுக்கு நேராக வந்து நின்றது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நொடி அது. பின்களைச் செருகிவிட்டு நிமிர்ந்தேன்.

“பின்னாலயே வாங்க” என்று நிலத்துக்காரர் பைக்கை உதைத்தார். பொக்லைன் பேச்சு அதற்கப்புறம் வரவில்லை.

சாயங்காலம் பள்ளத்தை முடித்துவிட்டுத் திரும்பியதும் அம்மா கேட்டாள், “அப்போ அதுக்கு எங்கதான் வெக்கறது?”

பக்கெட்டின் பற்களைக் காட்டினேன்.

இப்போது கையைக் கழற்றி நிறுத்தும்போதெல்லாம் வாய்க்கு என் கவர், பற்களுக்கு அம்மாவின் சந்தனம், குங்குமம். அடுத்த வேலையில் முதல் மண்ணிலேயே அது அழிந்துபோகும். அம்மாவுக்கு அதில் வருத்தமில்லை. “பூமிக்கு வெச்சதா இருக்கட்டும்” என்கிறாள்.