அண்ணி உட்கார்ந்தும் உரசாத டயர்

நாற்பத்திரண்டு வயதில் எனக்கு அலாய் வீல் ஆசை வந்தது. நகை ஆசை என்றால் எங்கள் வீட்டில் புரிந்துகொண்டிருப்பார்கள். கார் சக்கரத்தின் மேல் ஒரு பொம்பளைக்கு ஆசை வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

நாகலாபுரத்திலிருந்து ஸ்ரீசிட்டிக்கு தினமும் நானே வண்டி ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறேன். அங்கே ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி அது. வெள்ளை நிறம், நல்ல உயரம், அகலமான உடம்பு. சக்கரம் மட்டும் சின்னது. பார்க்கும்போதெல்லாம் ஒரு பயில்வான் குழந்தையின் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பது போலவே எனக்குத் தோன்றும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பள்ளிக்கூட வாத்தியார். வண்டி ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை.

"இப்போ இருக்கிற சக்கரத்துக்கு இன்னா கொறச்சல்? வட்டமாத்தானே கீது?" என்றார்.

ஆனால் தடுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே திருப்பதிக்குப் போனேன். அங்கே எனக்குத் தெரிந்த டயர் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் தெலுங்குக்காரர். தமிழில் தொடங்கும் வாக்கியத்தைத் தெலுங்கில்தான் முடிப்பார். கறுப்பும் வெள்ளியும் கலந்த பதினேழு அங்குல வீல் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினார்.

"மேடம், இது போட்டா வண்டி சிம்மம் லாகா உண்டுந்தி!"

சிங்கம் மாதிரி இருக்குமாம். இதே வண்டியின் உயர்ந்த மாடலுக்கு கம்பெனியே பதினேழு அங்குல டயர் போடுகிறது என்பதைப் படித்து வைத்திருந்தேன். அதனால் டயர் அளவு பற்றிக் கவலைப்படவில்லை. ஆனால் கம்பெனி வீலைவிட இந்த வீல் அகலம் அதிகம், வெளிப்பக்கமாகவும் தள்ளி உட்காரும். அதை நான் பார்க்கவில்லை. தொழிற்சாலையில் ஒரு மயிரிழை கூடினாலும் பொருளைத் திருப்பி அனுப்புகிறவள் நான். அன்றைக்கு அழகில் மயங்கி அளக்காமல் விட்டேன்.

மாட்டி முடித்ததும் வண்டியை மூன்று சுற்று சுற்றி வந்தேன். உண்மையாகவே சிங்கம்தான். பத்து நாள் தனியாக ஓட்டினேன், ஒரு சத்தமும் இல்லை.

பதினோராவது நாள் கார்வேட்டிநகரத்தில் சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம். நான், வீட்டுக்காரர், அவருடைய அக்காமார் மூன்று பேர், மடியில் சீர்த்தட்டுகள். மூவரில் மூத்தவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்; அவர் பின் சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். கல்யாணமாகி நான் வந்த புதிதில், சமையல் தெரியாத என்னை யாரும் கேலி செய்ய விடாமல் காத்தவர். நாகலாபுரத்திலேயே இரண்டு தெரு தள்ளி வீடு. முழங்கால் வலிக்காக மாதம் ஒரு முறை திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போய் வருவார்.

ஊர் எல்லையில் முதல் வேகத்தடை. ஏறி இறங்கியதும் பின்னாலிருந்து 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். அடுத்த பள்ளத்தில் மறுபடியும். வளைவுகளில் நீளமாக, ரம்பத்தால் அறுப்பது போல வந்தது. டயர் மட்கார்டில் உரசுகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னாம்மா சத்தம் அது?" என்றார் அண்ணி.

நான் பதில் சொல்வதற்குள் நடு நாத்தனார் முந்திக்கொண்டார். "அக்கா, நீ உக்காந்துக்கினு இருக்கிற பக்கந்தான் வருது. வண்டி தாங்கல போல!"

எல்லோரும் சிரித்தோம். அண்ணியும் சிரித்தார். அப்புறம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன் சீட்டைப் பிடித்து உடம்பைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டார். புத்தூரில் பூ வாங்க நிறுத்தினேன். பூ வாங்கிக்கொண்டு வந்தவர் வண்டியில் ஏறாமல் கதவருகே நின்றார்.

"நீங்க போய்க்கினு இருங்க. கார்வேட்டிநகரம் பஸ் நிக்குது. காத்தாட வந்துர்றேன். எனக்கு பஸ்ஸுதான் வசதி."

"அண்ணி, ஏறுங்க. அது உங்களால இல்ல, வீலு..."

"புது வண்டி மாதிரி பண்ணி வெச்சுக்கினு இருக்க. என்னால எதுக்கு கெட்டுப்போவணும்?"

கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பஸ் படியில் வலிக்கிற காலை வைக்காமல் மற்ற காலை முதலில் ஊன்றி, கம்பியைப் பிடித்து, மூச்சு வாங்கி ஏறியதை என் சிங்கத்துக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இறங்கியதும் சத்தம் கொஞ்சம் குறைந்தது. அது இன்னும் கேவலமாக இருந்தது. திரும்பும்போதும் அவர் பஸ்ஸில்தான் வந்தார்.

மறுநாள் காலை சப்பாத்திக்குப் பிசைந்து வைத்த மாவில் பாதியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். நான்கு மட்கார்டுகளின் உள் ஓரத்திலும் மாவை விரல் தடிமனுக்கு ஒட்டினேன். டிக்கியிலும் பின் சீட்டிலும் அரிசி மூட்டைகளை ஏற்றி, ஊரை ஒரு சுற்று சுற்றி வந்தேன். எங்கே டயர் மாவை வழித்துக்கொண்டு போயிருக்கிறதோ அங்கே இடமில்லை என்று அர்த்தம்.

பின்னால் இரண்டு பக்கமும் மாவு சுத்தமாகக் காணவில்லை, தகடு பளபளத்தது. முன்பக்கம் மேலே மாவு அப்படியே இருந்தது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் மட்டும் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் மூடியில் டயரின் மூலை பட்டது. இடது பக்கம் யார் உட்கார்ந்தார் என்பதில் ஒன்றுமே இல்லை. மூட்டைக்கும் அதே சத்தம், வலது பக்கத்திலும் அதே சத்தம். வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்து ஒரு தாளில் எழுதினேன். வீல் ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி உட்கார வேண்டும்.

"சப்பாத்தி எங்கே?" என்றார் வீட்டுக்காரர்.

"மட்கார்டுல கீது," என்றேன்.

தாளோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் சாதாரணமாகச் சொன்னார். "கிரைண்டர் போட்டு ஓரத்தை கட் பண்ணிடலாம் மேடம். ரெண்டு நிமிஷம்."

"வெட்டினா பெயின்ட் போகும், துருப்பிடிக்கும். வேணாங்க."

"அப்போ ஸ்பிரிங் நடுவுல ரப்பர் சொருகிடலாம். வண்டி கீழ இறங்காது."

"கட்டை வண்டி மாதிரி குதிக்கும். அதுல முழங்கால் வலிக்காரங்க உக்காரணும்."

"மேடம், அப்போ பின்னால கனமானவங்களை உக்கார வெக்காதீங்க. அந்தே!"

அவ்வளவுதான் என்றார். எனக்குச் சுருக்கென்றது. "யாரு உக்காந்தாலும் உரசாத மாதிரி பண்ணிக் குடுங்க. வண்டி ஆளுக்குத்தான், ஆளு வண்டிக்கு இல்ல," என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. அவர் தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். மாவு விஷயத்தைச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு வேலையில் இறங்கினார்.

அதே பதினேழு அங்குலத்தில், ஒரு சென்டிமீட்டர் உள்வாங்கி உட்காரும் வேறு வீல் வரவழைத்து மாற்றித் தருவதாகச் சொன்னார். அடுத்த வாரம் அது வந்தது. மாட்டியதும் உள்பக்கம் ஷாக் அப்சார்பரில் இடிக்கிறதா என்று நானே கையை விட்டுப் பார்த்தேன். விரல் தாராளமாக நுழைந்தது. பின் மட்கார்டின் உள் ஓரத்தை ஹீட் கன்னால் சூடேற்றி, பெயின்ட் வெடிக்காமல் உருளையால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே மடித்தார். முன்பக்க பிளாஸ்டிக்கையும் சூடாக்கிப் பின்னால் தள்ளினார். மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டிப் பார்த்தோம். சத்தமில்லை.

"அயிப்போயிந்தி மேடம்," என்றார். முடிந்துவிட்டதாம்.

எனக்கு முடியவில்லை. அன்றைக்கு அண்ணி ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கும் நாள். அதைப் பார்த்துத்தான் நானும் வந்திருந்தேன். போன் செய்தேன்.

"அண்ணி, ஒரு ஆட்டோ புடிச்சு டயர் கடைக்கு வாங்க. உங்களால ஒரு வேலை ஆவணும்."

வந்தார். வண்டியைப் பார்த்ததும் முகம் மாறியது. "நான் பஸ்ஸுல போய்க்கிறேம்மா."

"அன்னைக்கு நானும் சிரிச்சேன் அண்ணி," என்றேன். "தப்பு வீலுது. அரிசி மூட்டைய வெச்சும் உரசுச்சு, ரெண்டு பக்கமும் உரசுச்சு. இப்போ சரி பண்ணிட்டோம். ஆனா நீங்க உக்காந்து, சத்தம் இல்லன்னு நீங்களே உங்க வாயால சொல்லணும்."

அண்ணி பையை என் கையில் கொடுத்துவிட்டு, பின் சீட்டில் அதே இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். கடைக்காரர் ஸ்டியரிங்கை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் திருப்ப, நான் கீழே குந்தி டயரைப் பார்த்தேன்.

"அம்மா, கொஞ்சம் குதிங்க," என்றார் கடைக்காரர்.

"சீட்டு மேலயா?"

"ஆமாமா, நல்லா!"

அண்ணி மெல்ல ஒரு தடவை எழும்பி உட்கார்ந்தார். சத்தமில்லை. இன்னொரு தடவை. மூன்றாவது தடவை அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு தொம் தொம்மென்று குதித்தார். வண்டி ஊஞ்சலாடியது. பக்கத்து டீக்கடையில் நின்றிருந்தவர்கள் கிளாசோடு வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"உரசுதா? சொல்லும்மா, உரசுதா?"

"இல்ல அண்ணி!"

"எனக்குக் கேக்கல. நீங்கள்லாம் சொல்லுங்க!" என்றார் அண்ணி, டீக்கடையிலிருந்து வந்தவர்களைப் பார்த்து.

"லேது! லேது!" என்று அவர்கள் தெலுங்கில் ஒரே குரலில் இல்லை என்று கத்தினார்கள். அண்ணி சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்து, முந்தானையால் துடைத்துக்கொண்டார். முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

திருப்பதியை விட்டு வெளியே வந்தோம். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அண்ணி தலையைச் சாய்த்துக் கேட்டார். ஐந்தாறு தாண்டிய பிறகு கேட்பதை விட்டுவிட்டு, சொந்தக்காரர்கள் கதையெல்லாம் பேச ஆரம்பித்தார். புத்தூர் நெருங்கும்போது பேச்சைத் திடீரென்று நிறுத்தினார்.

"ஏம்மா, இது பாலசமுத்திரம் போவுமா?"

அங்கே அவருடைய மகள் இருக்கிறாள். மாந்தோப்பு, நான்கு மாடுகள், அவற்றை விட்டு அவளால் நகர முடியாது. பஸ் மாறி மாறி ஏறி இறங்க அண்ணியால் முடியாது. பார்த்து எட்டு மாதமாகிறது என்றார். அதுவரை அவர் அதைச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"போவும் அண்ணி," என்று சொல்லி வண்டியை அந்தப் பக்கம் திருப்பினேன். வீட்டுக்காரருக்குப் போன் செய்து, மத்தியானச் சாப்பாட்டை அவரே பார்த்துக்கொள்ளச் சொன்னோம்.

தோப்புக்குப் போகும் கடைசி ஒன்றரைக் கிலோமீட்டர் மண்பாதை. டிராக்டர் உழுதுபோட்ட பள்ளங்கள். வண்டி இடமும் வலமுமாகச் சாய்ந்து, மரக்கிளைகளை ஒதுக்கிக்கொண்டு போனது. அண்ணி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒரு மாங்காயைத் தொட்டுப் பார்த்தார்.

மகள் மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். வண்டி யாருடையது என்று தெரியாமல் நெற்றிக்கு மேல் முழங்கையைத் தூக்கி வெயிலை மறைத்துப் பார்த்தவள், இறங்கியது யாரென்று தெரிந்ததும், "எம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். கையெல்லாம் சாணி. கட்டிப்பிடிக்க முடியாமல் கைகளை இரண்டு பக்கமும் தூக்கிப் பிடித்தபடி, அம்மாவின் தோளில் முகத்தை மட்டும் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள்.

"துன்னியாடி?" என்று கேட்டார் அண்ணி.