சுப நேரத்தில் மாற்றிய நேம் சர்வர்

யுத்த காலம். வடக்கே யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதை மூடியிருந்தது; கப்பல்தான் வழி. கண்டியில் இணையதளம் செய்து கொடுக்கும் ஒரு சின்னக் கம்பனியில் நான் சப்போர்ட் ஆள். சப்போர்ட் என்றால் பாதி வேலை திட்டு வாங்குவது. அந்த வெள்ளிக்கிழமை காலை, கிராம்பும் ஏலக்காயும் ஏற்றுமதி செய்யும் கடை முதலாளி எனக்குப் போன் எடுத்தார்.

“தம்பி, கொழும்பு மெயில் வருது. யாழ்ப்பாண மெயில் மட்டும் திரும்பிப் போகுதாம். மெயிலையும் செக்பொயின்ட்ல நிப்பாட்டுறாங்களா?”

சிரிப்பை அடக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். காரணம் பாதி தெரியும். முதல் நாள்தான் அவருடைய டொமைனைப் புது சர்வருக்கு மாற்றியிருந்தோம். அங்கே மெயில் பெட்டிகளைத் திறந்த பிறகே, டொமைனின் விலாசத்தை ஊருக்குச் சொல்லும் நேம் சர்வரை மாற்ற வேண்டும் என்று எவ்வளவோ சொன்னேன். அவர் பஞ்சாங்கக் கலண்டரைக் காட்டினார்.

“சுப நேரம் முடியப்போகுது. முதல்ல மாத்துங்க, பெட்டி கிட்டி எல்லாம் பொறவு!”

கற்பூரம் காட்டி, மவுஸுக்குச் சந்தனப் பொட்டும் வைத்துவிட்டார். பொட்டு வைத்த மவுஸுடன் யார் வாதாடுவது? மாற்றினேன். உடனே கரண்ட் போனது. அன்று முழுக்க வரவே இல்லை; பெட்டி ஒன்றும் திறக்க முடியவில்லை.

கடையில் கிளார்க் யோகா அழுதுகொண்டிருந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கண்டியில் அவளுக்குக் கல்யாணம். அம்மா கப்பலில் திருகோணமலைக்கு வர வேண்டும்.

“கப்பல் எண்டைக்கு எண்டு ஊரில இருக்கிற மச்சான் மெயில் போட்டவராம் அண்ணா. அது திரும்பி வந்திட்டுதாம். திரும்ப அனுப்புறன் எண்டு போனில சொன்னவர், லைன் கட்டாயிட்டுது. இப்ப எடுத்தாலும் கிடைக்குதில்லை.”

பார்த்தேன். பழைய விலாசத்தை இன்னும் மறக்காத சர்வர்கள் மெயிலைப் பழைய இடத்திலேயே சேர்த்தன. புது விலாசம் தெரிந்தவை புது சர்வரிடம் போயின. அதுவோ, யோகா என்று இங்கே யாரும் இல்லை என்று திருப்பி அனுப்பியது. நேம் சர்வரைப் பழையபடி மாற்றினால் அது எல்லா இடத்துக்கும் தெரியவர ஒரு நாளாவது ஆகும். அதைவிட, மெயில் வந்து தட்டுகிற புது சர்வரிலேயே யோகாவுக்கு ஒரு பெட்டி திறந்தால் உடனே வேலை முடியும். கீபோர்டில் கை வைத்தேன்.

“தம்பி, நிப்பாட்டுங்க! ராகு காலம்!” என்று முதலாளி கத்தினார்.

முதலாளிக்கு முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிற யோகா எழும்பி நின்றாள்.

“ராகு காலமோ? ஐயா, அம்மா துறைமுகத்தில தனிய நிக்கப் போறா. சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. ராகு போய்க் கூட்டிக்கொண்டு வருவாரோ?”

முதலாளி கலண்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு கலண்டரை ஆணியிலிருந்து கழற்றி, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

“நான் ஒண்ணும் பாக்கல. நீங்க செய்ங்க தம்பி.”

செய்தேன். மூவரும் திரையைப் பார்த்தபடி பிளேன் டீ குடித்தோம். மெயில் வரவில்லை. மச்சான் அலுத்துப்போய் விட்டுவிட்டாரோ என்று நினைத்தேன். மத்தியானம் போல ‘டிங்’ என்றது. யோகா சத்தமாக வாசித்தாள்.

“திங்கட்கிழமை கப்பல். அப்பவே திரும்ப அனுப்பியிருப்பன். ராகு காலம் முடியட்டும் எண்டு மாமி விடேல்லை.”

மாமி என்றால் யோகாவின் அம்மாதான். யோகா அழுதபடியே சிரித்தாள். எனக்குச் சிரிப்பில் டீ புரைக்கேறியது. முதலாளி அலுமாரியைத் திறந்து கலண்டரைப் பெருமையாக மாட்டினார். திருகோணமலைக்குத் தன் வேனையே அனுப்பினார்.

இத்துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நேம் சர்வர் மாற்றும் நேரத்தை வாடிக்கையாளரே பார்த்துக்கொள்ளட்டும். மெயில் பெட்டிகளை மட்டும் முதல் நாளே திறந்துவிடுங்கள்.

கல்யாணத்தில் யோகாவின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, நீங்கள் நல்ல நேரம் பாத்துச் செய்தபடியால்தான் மெயில் வந்தது.”

பக்கத்தில் நின்ற முதலாளி சட்டென்று கூரையைப் பார்த்தார்.

“ஆமாம்மா” என்றேன்.